நெஞ்சில் வைத்த மருதாணி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று ஐந்து பேரையும் மிரட்டியவள். அப்படிப்பட்ட நானே ஒரு பொய்யை நெஞ்சில் வரைந்துகொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். இடது மார்பில் கட்டியை எடுத்த பிறகு கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள் (கதிர் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்). முதலில் சி.டி. ஸ்கேனில் படுக்க வைத்து, நெஞ்சில் மூன்று இடத்தில் ஊதா மையால் கூட்டல் குறி போட்டார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டினார்.

"கட்டி இருந்த இடத்துக்குப் பின்னாடியே இதயம் இருக்கும்மா. இந்தப் படத்தை வச்சுத்தான் அதுல படாம கதிரைத் திருப்பப் போறோம். குறி நகந்தா கதிரும் நகந்துரும். கரண்ட் வைக்க ஒரு வாரம் ஆகும், அதுவரை அழியாம இருக்கப் பச்சைப் புள்ளி குத்திரலாமா?"

"எங்க மார்க்கத்துல பச்சை குத்துறதில்ல. ஒரு வாரந்தானே, நான் பாத்துக்கிருவேன்" என்றேன்.

எங்கள் ஊர் கம்பத்துக்குத் திரும்பி நான்காம் நாள், வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைக் குளியல் என்றால் எனக்குப் பீர்க்கங்காய் நார் வேண்டும். தேய்த்துக் குளித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் மூன்று குறியும் இல்லை!

மருமகள் சபீராவிடம் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருக்கலாம். வீறாப்பு விடவில்லை (எத்தனை கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி வைத்த கை!). கதவைச் சாத்தி, கண்ணாடியைப் பார்த்து, மூன்று குறியையும் மருதாணியால் போட்டுக்கொண்டேன்.

மதுரையில் மிஷின் பார்க்கும் பெண் துணியை விலக்கியதும் உற்றுப் பார்த்தாள்.

"நாங்க போட்டது ஊதாவாச்சே. இது செவப்பா இருக்கு?"

"கம்பத்து வெயிலு அப்பிடி."

"சரிம்மா. ஓரத்துல பூ யாரு வச்சாக?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கை பழக்கத்தில், நடுக் குறிக்குப் பக்கத்தில் ஐந்து இதழோடு ஒரு பூவும் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா வந்து படத்தோடு அளந்து பார்த்தார். "ரெண்டு விரல் தள்ளியிருக்கு. இப்படியே கரண்ட் வச்சிருந்தா இதயத்துல பட்டிருக்கும்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி ஸ்கேன், மறுபடி குறி, மறுபடி ஒரு வாரக் காத்திருப்பு. இந்தத் தடவை குறிக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டி, என்னைக் குளிப்பாட்டும் அதிகாரத்தைச் சபீராவிடம் கொடுத்தனுப்பினார்கள். அவளைக் கேட்காமல் ஒரு செம்புத் தண்ணீர்கூட என் மேல் விழவில்லை.

நல்லபடியாகக் குணமானேன். மருதாணியும் மங்கிப்போனது. ஆனால் இன்றைக்கும், "மாத்திரை போட்டாச்சு" என்று நான் சொன்னால் போதும், சபீரா அடுப்படியிலிருந்தே கேட்பாள்:

"மாமி, பூ வைக்காமச் சொல்லுங்க!"

பர்வீனு, இங்கன வா தாயி. எழுத்துக் கூட்டி எழுதியிருக்கேன், ஒருக்கா வாசி. உங்கம்மா சபீரா காதுல விழுற மாதிரி வேணாம்.