பிரெய்ரி ரோஸின் பதவி உயர்வு

மனித இனம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது நாற்காலி. நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. ஜப்பானோடு நடந்த போரில் ஒரு சரக்குக் கப்பலுக்குள் நாற்காலிகளை நிரப்பி அதைக் 'கட்டளைக் கப்பல்' ஆக்கிய மாபெரும் பணியில் அறை ஒதுக்கீட்டு அதிகாரியாக இருந்தவன் நான். போருக்கு முன்பு அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். கடற்படை என் திறமையைச் சரியாகவே மதிப்பிட்டது. சீருடை மாட்டிவிட்டு, லெப்டினன்ட் என்று கூப்பிட்டு, மறுபடியும் சாவி கொடுக்கச் சொன்னது.

கப்பலின் பெயர் பிரெய்ரி ரோஸ். பூட்ஸ், பீன்ஸ் டப்பா, பீரங்கிக் குண்டு, தண்ணீர்ப் பீப்பாய் என்று பட்டாளத்துக்கு வேண்டியதைச் சுமந்துகொண்டு கடலில் போய் வந்துகொண்டிருந்தது. கொண்டுபோய் இறக்கும், காலியாகத் திரும்பும், மறுபடி ஏற்றிக்கொண்டு கிளம்பும். எத்தனை காலத்துக்குத்தான் ஒரு கப்பலை இப்படிக் கூலி வேலை பார்க்க விடுவது? வாஷிங்டனில் இரக்க குணம் உள்ளவர்கள் கூடிப் பேசி அதற்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. தீவுகளில் படையை இறக்கும் தளபதிகள் அதுவரை போர்க்கப்பல்களில் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தார்கள். போர்க்கப்பலுக்கோ சுடுகிற கெட்ட பழக்கம் உண்டு. அது சுட்டால் அதிர்ச்சியில் ரேடியோ செத்துப்போகும். அவசரம் என்றால் தளபதியையும் தூக்கிக்கொண்டு வேறு சண்டைக்கு ஓடிவிடும். சுடாத, ஓடாத, உட்கார இடமுள்ள கப்பல் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். இதைவிட நியாயமான கோரிக்கையை நான் ஹோட்டலில்கூடக் கேட்டதில்லை.

ப்ரூக்ளினில் ஒரு கப்பல் பட்டறையில் பிரெய்ரி ரோஸைக் கட்டிப் போட்டுக் குடலை உருவினார்கள். குண்டுகள் இருந்த அறை ரேடியோ அறையானது. பீன்ஸ் இருந்த அறையில் கடற்படைக்கு ஒரு வரைபட மண்டபமும், அதே வரைபடத்தைத் தனியாகப் பார்ப்பதற்குத் தரைப்படைக்கு ஒரு மண்டபமும் வந்தன. தண்ணீர்ப் பீப்பாய் இருந்த பெரிய அறை, எங்கள் கடற்படைத் தளபதி அட்மிரல் ஃபார்ன்ஸ்வொர்த்தின் சாப்பாட்டு அறையானது. அதற்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் எந்திரம். கடைசியாகக் கப்பலுக்கு ஒரு மலையின் பெயரை வைத்தார்கள். அந்த மலையை எங்களில் யாரும் பார்த்ததில்லை. மலை என்றால் நகராது என்ற அளவில் பொருத்தமாகத்தான் இருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்து சோதனை ஓட்டத்துக்குப் போனோம். துறைமுக வாய் தாண்டியதும் கப்பல் குடிகாரனைப்போல ஆட ஆரம்பித்தது. தரைப்படைத் தளபதி ஜெனரல் பாயிலின் சூப், அட்மிரலின் மடியில் போய் உட்கார்ந்தது. உடனே அவசரக் கூட்டம் கூடியது. யார் எங்கே உட்காருவது என்று நான் முடிவு செய்வதற்குள் கப்பல் கரைக்கே திரும்பிவிட்டது.

"ஏன்யா இப்படி ஆடுது?" என்று கேட்டார் அட்மிரல்.

பதில் சொன்னவர் கப்பலின் கேப்டன் ஐனார் லுன்டே. ப்ரூக்ளினில் பே ரிட்ஜ் பக்கத்து நார்வேக்காரர். பிரெய்ரி ரோஸ் மூட்டை சுமந்த காலத்திலிருந்தே அதை ஓட்டியவர். கப்பலோடு சேர்த்து அவரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவரை மட்டும் மாற்றியமைக்க மறந்துவிட்டார்கள்.

"வெறும் வயித்தோட நிக்குது சார். சரக்கு ஏத்தறதுக்குன்னு கட்டுன கப்பலு. அடியில கனம் இல்லைன்னா தள்ளாடத்தான் செய்யும்."

"கனம் இல்லையா? இத்தனை ஆபீசருங்க இருக்கோம். மேஜை, டைப்ரைட்டர், அது போக என் பியானோ வேற இருக்கு."

"அதெல்லாம் பத்தாது சார்."

அட்மிரலுக்கு இது மனத்தாங்கலாகப் போய்விட்டது. லுன்டே அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார்.

"அடியில தண்ணிப் பீப்பாயா அடுக்கிடலாம் சார். கனத்துக்குக் கனமும் ஆச்சு, கரையில இறங்குற பசங்களுக்குக் குடிக்கவும் ஆச்சு. நாம போற தீவுங்கள்ல வெயிலு மண்டையப் பொளக்கும், ஒரு ஊத்து கெடையாது. என் பையன் ஹால்வர் மரீன்ல இருக்கான், முதல்ல இறங்கப்போற கூட்டம். அதுக்காகச் சொல்லல." கொஞ்சம் யோசித்தார். "அதுக்காகவும்தான் சொல்றேன்."

"தண்ணிக்குன்னு தனியா ஒரு கப்பல் வருதே. அவன் வேலைய நாம ஏன் பாக்கணும்?" என்றார் ஜெனரல்.

"பாயில் சொல்றது சரி" என்றார் அட்மிரல். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். "பீப்பாய் ஏத்துனா மறுபடியும் இது சரக்குக் கப்பல். சரக்குக் கப்பலுக்கு எதுக்கு ஒரு அட்மிரல்னு நாளைக்கு எவனாவது கேப்பான்."

இந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதில் கூட்டத்துக்கு ஒரே மனது. ஆகவே கான்கிரீட் என்று முடிவாயிற்று. கான்கிரீட் ஒருவருக்கும் பயன்படாது என்பதால் அதைச் சரக்கு என்று எந்த வாயாலும் சொல்ல முடியாது.

அடித்தளத்தில் கான்கிரீட் ஊற்றுவதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு லுன்டே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் வைத்துத் தண்ணீர் அடித்துக் குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணியும் ஏத்தியாச்சு தம்பி" என்றார் என்னிடம். "குடிக்கத்தான் முடியாது."

கப்பல் அதன்பிறகு ஆடவில்லை.

தீவின் பெயர் இப்போது எதற்கு? நாங்கள் அதை வெளிச்சமான வரைபடத்தில்தான் பார்த்தோம். விடியலில் படைகள் இறங்கின. எங்கள் கப்பலிலிருந்து கட்டளைகள் கிளம்பிய அழகைச் சொல்லி மாளாது. தண்ணீர்க் கப்பலை வடக்கே போகச் சொல்லி அட்மிரலின் அலுவலகம் ஒரு கட்டளை அனுப்பியது. தெற்கே போகச் சொல்லி ஜெனரலின் அலுவலகம் ஒன்று அனுப்பியது. இரண்டும் ஒரு பிழையும் இல்லாமல் உடனுக்குடன் போய்ச் சேர்ந்தன. கீழ்ப்படிதல் மிக்க அந்தக் கப்பல் நடுவில் போய்ப் பவளப் பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெயில் ஏறியதும் கரையிலிருந்து ஒரு குரல் வர ஆரம்பித்தது. பீச்சம் என்ற சார்ஜென்ட். லுன்டேயின் மகன் இருந்த படைப்பிரிவுக்காரன்.

"தண்ணி வேணும். பசங்களுக்கு நாக்கு தடிச்சுப்போச்சு. கேக்குதா?"

"மிகத் தெளிவாகக் கேட்கிறது" என்று எங்கள் அலுவலகம் பதில் சொன்னது. "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."

லுன்டே ரேடியோ அறைக்கே வந்துவிட்டார். கட்டளைக் கப்பலின் கேப்டனுக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது. நின்றுகொண்டே மைக்கை வாங்கினார்.

"ஹால்வர் லுன்டே இருக்கானாப்பா?"

"இருக்கான் கேப்டன். பக்கத்துலதான் கெடக்கான். தொண்டை ஒட்டிக்கிச்சு, பேச முடியல. கையை ஆட்டறான்."

லுன்டே மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். அடுத்த சில நிமிடங்களில் கப்பலின் குளியலறைக் குழாய்கள் எல்லாம் நின்றன. சோப்பு நுரையோடு சில கர்னல்கள் என்னிடம் புகார் சொல்ல வந்தார்கள். பால் கேன், காப்பிக் கொதிகலன், ஐஸ்கிரீம் வாளி என்று அகப்பட்டதில் எல்லாம் தண்ணீர் பிடித்து, பக்கவாட்டில் நின்ற படகில் இறக்கிவிட்டார் மனிதர். இனிப் படகு கிளம்ப வேண்டியதுதான்.

இந்த இடத்தில் எங்கள் கடற்படையின் உன்னதமான ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். படகில் ஏறும்போது சிறியவர் முதலில் ஏறுவார். பெரியவர் எல்லாருக்கும் கடைசியில் ஏறுவார். அவர் உட்கார்ந்ததும் படகு கிளம்பும். இதனால் பெரியவர் படகில் காத்திருக்க வேண்டியதில்லை. மற்ற எல்லாரும் காத்திருக்கலாம்.

கரைக்கு ஒரு படகு போகிறது என்று தெரிந்ததும் ஜெனரல் இரும்புத் தொப்பியோடு வந்துவிட்டார். அவர் கரையில் கால் வைத்த பிறகுதான் படையின் தலைமைப் பொறுப்பு அட்மிரலிடமிருந்து அவர் கைக்கு மாறும். அவர் வருவதைக் கேள்விப்பட்டு அட்மிரலும் வந்தார். அட்மிரல் வருவதைக் கேள்விப்பட்டுப் புகைப்படக்காரர் வந்தார்.

"ஏறுங்க ஜெனரல்" என்றார் அட்மிரல், கையை நீட்டி.

"சேச்சே, நீங்க முதல்ல ஏறுங்க" என்றார் ஜெனரல்.

"இது கடல். கடல்ல நான்தான் பெரியவன்."

"இந்தப் படகு கரைக்குப் போகுது. கரையில கால வெச்சா நான்தான்."

"இன்னும் வெக்கலியே."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யார் முந்திப் பதவி பெற்றவர் என்று நான்தான் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே நாளில் பதவி உயர்வு பெற்றவர்கள்.

"சேர்ந்து ஏறிடலாமே சார்" என்றேன்.

"ஏணி ஒரு ஆள் அகலம்தான்யா" என்றார் அட்மிரல். அடுத்த கப்பலில் ஏணியை அகலமாக்க வேண்டும் என்று உதவியாளரிடம் சொல்லிவைத்தார். தொலைநோக்கு என்றால் இதுதான். நிற்பவர்களுக்குக் களைப்பாக இருக்குமே என்று சமையல்காரர் வெனிலா ஐஸ்கிரீம் கொண்டுவந்தார். வாளிகள் படகுக்குப் போய்விட்டதால் காப்பிக் கோப்பைகளில் வந்தது. கீழே படகில் பால் கேன்கள் தொட்டால் சுடும் அளவுக்குக் காய்ந்துகொண்டிருந்தன.

அப்போது ரேடியோ அறையிலிருந்து ஒரு மேஜர் ஓடி வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"கரையிலேருந்து புதுத் தகவல் சார். தண்ணி முன்னாடி கேட்டதுல பாதி போதுமாம்."

"பாத்தீங்களா?" என்றார் அட்மிரல். "பதறியடிச்சு அனுப்பியிருந்தா பாதி வீணாப் போயிருக்கும்."

லுன்டே என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"பாதி எப்படி தம்பி போதும்?"



அவர் ஏணிப் பக்கம் போகவில்லை. கம்பியைத் தாண்டி, கப்பல் ஓரத்தில் தொங்கிய கயிற்று வலையைப் பிடித்து, பழைய சரக்குக் கப்பல்காரன்போல இறங்கிப் படகில் குதித்தார்.

"எடுறா" என்றார்.

படகோட்டி மேலே பார்த்தான். ஒரு அட்மிரல், ஒரு ஜெனரல். யாரை மீறினாலும் வேலை போய்விடும். நான் எட்டிப் பார்த்து என் வாழ்க்கையிலேயே சிறந்த தீர்ப்பைச் சொன்னேன்.

"கடைசியா ஏறினது கேப்டன். கடைசியா ஏறினவர்தான் பெரியவர். வழக்கம் அதுதான். கிளம்பு."

படகு கிளம்பிற்று. ஜெனரலும் அட்மிரலும் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களுக்கு மறுப்புச் சொல்லத் தோன்றுவதற்குள் படகு பாதி தூரம் போயிருந்தது.

இதற்குமேல் உள்ளதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வராது. ஹால்வர் லுன்டே குறைந்துபோன அந்தப் பாதியில் இருந்தான். அவனுக்கு வயிற்றில் குண்டு பட்டிருக்கவில்லை, தலையில் பட்டிருக்கவில்லை. அவன் மேல் எங்குமே காயம் இல்லை. அவனுடைய அப்பா மிச்சமிருந்தவர்களுக்கு ஐஸ்கிரீம் வாளியிலிருந்து கையால் மொண்டு மொண்டு கொடுத்தார் என்று பீச்சம் பிறகு சொன்னான். எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாராம்.

சண்டை நடக்கையில் அனுமதியின்றிக் கப்பலை விட்டுப் போனதற்காக லுன்டே மேல் விசாரணை நடந்தது. அவரைக் கடுமையாகத் தண்டித்து ஒரு சரக்குக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அட்மிரலுக்கும் ஜெனரலுக்கும் பதக்கம் கிடைத்தது. இரண்டும் ஒரே நாளில் கொடுக்கப்பட்டதால் யார் பெரியவர் என்ற கேள்வி இன்றுவரை தீரவில்லை. ஒரு செய்தியைக்கூடத் தவறவிடாத கப்பல் என்று எங்களுக்குப் பாராட்டு வந்தது. உண்மைதான். 'தண்ணி வேணும்' என்ற செய்தி ஒவ்வொரு தடவையும் தெளிவாகவே வந்து சேர்ந்தது.

போர் முடிந்து அந்தக் கப்பலை உடைத்தபோது நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். நாற்காலிகள் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டன. கான்கிரீட்டைப் பெயர்க்கத்தான் நாள் பிடித்தது. கரையில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதிராக ஒரு கட்டளையும் போடாமல், குழைத்தபோது குடித்த தண்ணீருக்கு மேல் ஒரு வாய் கேட்காமல், வைத்த இடத்தில் தன் வேலையைச் செய்துகொண்டு கிடந்தது எங்கள் கப்பலில் அந்தக் கான்கிரீட் ஒன்றுதான். பதக்கம் கொடுக்கும்போது அதை விட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.