கமீலியாவுக்குக் கவ்வாத்து

காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்று என் கணவரின் கைக்கடிகாரத்தை நான் கட்டியிருந்ததுதான். பதற்றத்தில் மூச்சு விட்டதைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். அந்த நிமிடத்தில்தான் மருதமுத்துக் கங்காணி, குளக்கரையில் நின்ற ஒரு செடியின் இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, இது தேயிலைங்க" என்றார்.

இடம், நுவரெலியாவில் பொதுமக்களுக்கென்று அமைத்திருந்த ஜப்பானியத் தோட்டம். (பொதுமக்கள் என்றால், சத்தம் போடாமல் உள்ளே வந்து, எதையும் தொடாமல் வெளியே போகத் தெரிந்தவர்கள்.) சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் எங்கள் மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார் இன்னும் இருந்தார்கள். சுதந்திரச் செய்தி தலவாக்கலைவரை ரயிலில் வந்துவிட்டு, அதற்கு மேல் பஸ் கிடைக்காமல் நின்றுவிட்டதுபோல.

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் அருளப்பன் அதே தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பெண் பிள்ளைகளின் கையில் கொழுந்துக் கூடையைக் கொடுப்பார்கள். அதை நினைத்து நான் ராத்தூக்கம் இழந்த நாட்கள் பல. நுவரெலியாவில் கன்னியர் மடத்துப் பள்ளி ஒன்று இருந்தது, விடுதியும் இருந்தது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைப்பது லேசில்லை. தலைமைக் கன்னியாஸ்திரியை எல்லோரும் 'மதர்' என்பார்கள். அவர் மனம் வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அந்த மதரும், எங்கள் தோட்டத்துப் பெரிய துரையின் மனைவியான துரைசானியும் ஜப்பானியத் தோட்டத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்குச் செடிகொடிகள் மேல் அடங்காத அன்பு பிறந்துவிட்டது. (அதுவரை எங்கள் வீட்டு வாசலில் இருந்தது ஒரே ஒரு ரோசாச் செடி. அதுவும் நான் தண்ணீர் ஊற்ற மறந்து செத்துப்போனது.) தொண்டராகச் சேர விரும்புகிறேன் என்று துரைசானியிடம் போய்ச் சொன்னேன்.

தொண்டர்களில் இரண்டு வகை இருந்தார்கள். கையுறை போட்டவர்கள், போடாதவர்கள். கையுறை போட்டவர்கள் கார்களில் வருவார்கள், குனியாமல் தொண்டு செய்வார்கள். போடாதவர்கள் குனிவார்கள். நான் படித்தவள் என்பதால் எனக்கு ஒரே ஒரு கையுறை கொடுத்தார்கள், இடது கைக்கு. சனிக்கிழமைகளில் வெள்ளைக் கூழாங்கற்களை மரச் சீப்பு போன்ற ஒன்றால் வாரி, அலை அலையாகக் கோடு போடுவது என் வேலை. தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் இருப்பதுபோலக் காட்டுவதற்காம். எங்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தண்ணீர்ப் பீலியில் வேனில் காலத்தில் அதே காட்சியை யாரும் வாராமலே பார்க்கலாம்.

குழுவில் ஒருவர்கூட ஜப்பானைக் கண்டதில்லை. துரைசானியிடம் ஒரு படப் புத்தகம் இருந்தது. பாலத்துக்கு என்ன நிறம், கல் விளக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற எல்லாத் தகராறும் அந்தப் புத்தகத்தில்தான் தீரும். இந்த நிலையில், கொழும்பிலிருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவரின் மனைவி தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. குழு நடுங்கிப்போனது. இத்தனை வருடமாகக் கட்டிக் காத்தது ஜப்பானியத் தோட்டம்தானா என்று முதல்முறையாக ஒருவர் சொல்லப்போகிறார்.

துரைசானி என்னைக் கூப்பிட்டார். அவருடைய தமிழ், வேலையாட்களை ஏவுவதற்காக அச்சடித்த கையேட்டில் படித்தது. அதனால் தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் ஏவித்தான் சொல்வார்.

"டீச்சர், ஞாயிறு நாலு நல்ல ஆள் கொண்டு வா. குப்பை எடு. சுத்தம் பண்ணு. நான் பத்தரைக்கு வா."

"மதரும் வருவாங்களா, மேடம்?"

"மதர் பூசை முடிச்சு வா."

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பூச்செண்டு கொடுக்க ஸ்டெல்லாவை நிறுத்திவிடலாம் என்றும் அனுமதி வாங்கிவிட்டேன். பிள்ளையின் இங்கிலீஷை மதர் ஒருமுறை காதால் கேட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

நாலு நல்ல ஆள் என்றதும் நான் போனது கவ்வாத்துக் கங்காணி மருதமுத்துவிடம். ஓங்கி வளர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவதைத்தான் எங்கள் பக்கம் கவ்வாத்து என்போம். அந்த வேலையில் அவருடைய ஆட்களின் சுத்தம் பேர்போனது.

"ஞாயித்துக்கெழமை பேரு போடுவாங்களா, டீச்சரம்மா?" என்றார். பேர் என்றால் ஒரு நாள் கூலி.

"பேரு இல்ல, கங்காணி. இது சேவை."

"யாருக்குங்க சேவை?"

"ஜப்பான்காரங்க வர்றாங்க."

"அவுங்கதானே முந்தி கொழும்புல வந்து குண்டு போட்டாங்க? அதுக்கு நாம போய் குப்பை அள்ளணுமாக்கும்!" என்று சிரித்தார். ஆனாலும் ஸ்டெல்லாவின் படிப்புக்கு என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் மூன்று ஆட்களோடு லொறியில் ஏறினார். துணைக்குக் கத்திகளும் ஏறியதை நான் கவனிக்கவில்லை.

இப்போது ஒன்பது இருபதுக்கு வருகிறேன்.

"தேயிலையா? இருக்காது, கங்காணி. இது பூச்செடின்னுதான் சொன்னாங்க."

"யாருங்க சொன்னது? இந்தா, நீங்களே பாருங்க. ஓரத்துல பல்லு இருக்கா? மினுமினுப்பு இருக்கா? வெதைக்கு விட்ட மரம் மாதிரி நட்டுக்கிட்டு நிக்கிது. இதை நம்ம தொர பாத்தாருன்னா வயித்துல அடிச்சுக்குவாரு."

நான் இலையை வாங்கிப் பார்த்தேன். இந்த இடத்தில் படிக்காத ஒருத்தியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். எனக்குத் தெரியாது என்று சொல்லி, கூழாங்கல் வாரப் போயிருப்பேன். நானோ இயற்கைப் பாடம் நடத்துகிறவள். இலையில் பல் இருந்தது. மினுமினுப்பு இருந்தது. மொட்டுகள்கூட உருண்டையாகத் தேயிலை மொட்டு மாதிரியே இருந்தன. கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். (நல்ல எரு போட்டிருப்பார்கள் என்று அதற்கும் விளக்கம் கண்டுபிடித்தேன்.) நாற்று விற்றவன் துரைசானியை ஏமாற்றி, பூச்செடி என்று தேயிலையைத் தலையில் கட்டிவிட்டான் என்று என் அறிவு தீர்ப்புச் சொன்னது.

அதோடு நின்றிருக்கலாம். அறிவு மேலும் வேலை செய்தது. ஜப்பானிலும் தேயிலை உண்டு. வருகிற அம்மையார் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார். தேயிலைக்குப் பேர்போன ஊரில், குளக்கரையில் காடாய் மண்டிக் கிடக்கும் தேயிலையைக் கண்டால் நம் துரையைப் பற்றி என்ன நினைப்பார்? அந்த அவமானத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்றிய ஆசிரியையின் மகளுக்கு மதர் இடம் கொடுக்காமல் இருப்பாரா?

"நேரம் இருக்கா, கங்காணி?" என்று கேட்டேன்.

"கண்ணைத் தொறந்து மூடுறதுக்குள்ள முடிச்சிருவோம்ங்க."

முடித்துவிட்டார்கள். குளத்தை ஒட்டி நின்ற அத்தனை செடிகளும் முழங்கால் உயரத்துக்கு இறங்கின. மேலே ஒரு கம்பை வைத்து மட்டம் பார்த்து, துருத்தியதையும் நறுக்கினார்கள். கவ்வாத்து முடிந்தால் செடியில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டுவது தோட்ட வழக்கம். பழகிய கைகள் நிற்கவில்லை. தேங்காய் மட்டையால் தண்டுகளைத் தேய்த்தார்கள், பிறகு பக்கத்துக் கற்களை, பிறகு கல் விளக்கை, பிறகு குளக்கரை முழுவதையும். பச்சைக் கம்பளம்போலக் கிடந்த பாசி இரண்டு சாக்கில் அடங்கியது. எல்லாம் முடிந்தபோது, அடக்கம் இல்லாமல் சொல்கிறேன், அந்த இடம் எங்கள் தோட்டத்து ஆறாம் நம்பர் தேயிலை மலை மாதிரிப் பளிச்சென்று இருந்தது. நான் என் ஒற்றைக் கையுறையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

பத்தரைக்குத் துரைசானி வந்தார். பாலத்தில் ஏறினார். நின்றார். பாலத்தின் சிவப்பு அவர் முகத்துக்கு ஏறியது.

"கமீலியா எங்கே?"

"கமீலியா இல்ல, மேடம். உங்களை ஏமாத்திட்டாங்க. அது டீ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த நிமிடம் கையேட்டில் இல்லாத தமிழை அவர் தேடினார் என்று நினைக்கிறேன். கிடைக்காததால் இங்கிலீஷில் பேசினார். வேகமான இங்கிலீஷ். அதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவு: கமீலியா, தேயிலைக்கு ஒன்றுவிட்ட தங்கை. இலை அப்படித்தான் இருக்கும். அந்த மொட்டுகள் இந்த வாரம் பூக்க வேண்டியவை. அந்தப் பாசியை வளர்க்க அவர் வருடக்கணக்காக மோர் ஊற்றி வந்திருக்கிறார். (பாசிக்கு மோர்! எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குக் காட்டாத மோர்! இது இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.)

அந்த நேரம் பார்த்துப் பெரிய துரை வந்து சேர்ந்தார். மனைவி கையை நீட்டிக் காட்டினார். துரை குனிந்தார். நாற்பது வருடம் தேயிலையோடு வாழ்ந்த மனிதர்; கை கேட்குமா? செடிகளின் தலைமேல் உள்ளங்கையை ஓடவிட்டார். வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவினார்.

"யார் வெட்டு?"

"நாந்தானுங்க தொரைகளே."

"நல்ல வெட்டு, மருதமுத்து!"

துரைசானி கணவரைப் பார்த்த பார்வையில், நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கைக்கே கவ்வாத்து விழுந்தது.

என் கவலை துரைசானி அல்ல, மதர். பூசை முடிந்திருக்கும். வந்துகொண்டிருப்பார். அருளப்பனும் ஸ்டெல்லாவும் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். பிள்ளை வெள்ளைக் கவுனில், பூச்செண்டோடு நின்றது. என் கணவர் குளக்கரையைப் பார்த்துவிட்டு, என் காதில் மெதுவாக, "மதர் மட்டும் இதைப் பாக்கக்கூடாது, ஃபிலோ" என்றார். மாதாவே, ஒரு வழி காட்டு என்று வேண்டினேன்.

மாதா காட்டினாள். மூடுபனி இறங்கியது. நுவரெலியாப் பனி உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீட்டிய கை தெரியாது. அந்தப் பனிக்குள்தான் ஜப்பானிய அம்மையாரின் கார் வந்தது. மெல்லிய பட்டு உடுத்தி, குளிரில் நடுங்கியபடி இறங்கினார். துரைசானி ஒன்றுமே தெரியாத திசைகளில் கையை நீட்டி, பாலம், குளம், கமீலியா என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அம்மையார் ஒவ்வொரு வெள்ளைப் பனிக்கும் குனிந்து வணங்கி, மிக அழகு என்றார்.

ஸ்டெல்லா பூச்செண்டை நீட்டியது. அம்மையார் வாங்கிக்கொண்டு, பல் கிட்டிக்க, சூடாகத் தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஆரஞ்சுச் சாறு இருந்தது. கேக் இருந்தது. இலங்கையின் தேயிலை மலைக்கு நடுவில், தேயிலைத் துரைமாரின் மனைவிகள் கூடிய இடத்தில், ஒரு வாய் தேநீருக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. கடைசியில் மருதமுத்து, துணி சுற்றி வைத்திருந்த போத்தலைத் திறந்து, எனாமல் கோப்பையில் வெறுந்தேத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் ஒரு துண்டுச் சர்க்கரையும் வைத்து நீட்டினார். "கடிச்சுக்கிட்டுக் குடிங்கம்மா" என்றார். அம்மையார் கடித்துக்கொண்டு குடித்தார். இன்னொரு கோப்பையும் வாங்கிக் குடித்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். ஒரு செடியையும் பார்க்கவில்லை.

நான் மூச்சு விட்டேன். மதர் வரவில்லை. இனி வரமாட்டார். பிள்ளையின் படிப்புக்கு வேறு வழி பார்க்கலாம், மானமாவது மிஞ்சியது என்று நினைத்தேன். (இன்றும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையை அளவுக்கு மீறிச் செய்தால் 'ஜப்பான் கவ்வாத்து' என்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு நான் முடி வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தால், அருளப்பன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மட்டம் பார்க்கக் கம்பு கொண்டு வரவா என்று கேட்பார்.)

கார் வளைவில் மறைந்த கையோடு பனி விலகியது. சும்மா விலகவில்லை, திரையை இழுத்ததுபோல ஒரேயடியாக விலகி, பளீரென்று வெயில் அடித்தது. மொட்டையடித்த செடிகளும், உரித்த கற்களும், இரண்டு சாக்குப் பாசியும், ஒற்றைக் கையுறையோடு நானும் தெளிவாகத் தெரிந்தோம். வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. மதர் இறங்கினார்.

வயதான வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி. பாலத்தில் நின்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அங்கே இருந்தவர்களிலேயே சின்ன ஆளாகப் பார்த்து, இங்கிலீஷில் கேட்டார், யார் செய்தது என்று.

ஸ்டெல்லா என்னை ஒரு தரம் பார்த்தது. பிறகு, பிழையில்லாத இங்கிலீஷில், "என் அம்மா, மதர். தேயிலை என்று நினைத்துவிட்டார். இலையைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்" என்றது.

மதர் குனிந்து ஓர் இலையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கசக்கினார். மருதமுத்து மாதிரியே மோந்தும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முப்பது வருடமாக எங்கள் தோட்டத்துப் பெண்களோடு பேசிப் பேசிப் பழகிய தமிழ் அவருடையது.

"புள்ளைய தை மாசம் கூட்டியாங்க, டீச்சர். எடம் தர்றேன்" என்றார். "ஆனா நீங்க பாக்க வர்றப்ப கேட்டுக்கு வெளியவே நிக்கணும். எங்க ரோசாவெல்லாம் இப்பத்தான் மொட்டு விட்டுருக்கு."