மே யானாங் சொன்ன கிலோமீட்டர்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே பழைய கார் விற்கும் கம்ரோனின் கூடாரத்தில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம். தாய்லாந்தின் கோராட் நகரத்து ஆஸ்பத்திரியில்கூட மக்கள் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பப்பாளிச் சாலட் விற்பவள் உரலோடு வந்துவிட்டாள். ஊதுவத்திப் புகையில் நாற்பது பழைய கார்கள் மோட்சத்துக்குக் கிளம்பத் தயாரானவை போல வரிசையாக நின்றன.

கூட்டம் காருக்காக மட்டும் வரவில்லை. ஆசான் விசுத்துக்காக வந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் ஒன்பது தாயத்து. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் மே யானாங் அம்மன் குடியிருக்கிறாள் அல்லவா? ஆசான் அந்த அம்மனோடு நேரடியாகப் பேசுவார். வண்டி எங்கே பிறந்தது, யார் ஓட்டினார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அம்மனே வாய் திறந்து சொல்வாள். ஆசான் அதை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, 'பூர்வ சரித்திரச் சான்று' என்று கொடுப்பார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பாட். ஒன்பது ராசியான எண். யாருக்கு ராசி என்று கேட்கக் கூடாது.

அம்மன் சொல்லும் சரித்திரமும் ஏறக்குறைய ஒன்றே. ஓய்வுபெற்ற டீச்சரம்மா. ஒரே கை ஓட்டியது. விரத நாளில் கோயிலுக்கு மட்டும் போய் வந்த வண்டி. கோராட்டில் அத்தனை டீச்சர்களா என்று ஒருவரும் விரல் மடக்கவில்லை. கூடாரத்துக் கணக்குப்படி பார்த்தால், அந்த ஊர் டீச்சர்கள் ஆளுக்கு நாலு கார் வாங்கி, நாலையும் ஓட்டாமல் வைத்திருந்திருக்க வேண்டும்.

பிகுன் பின்வரிசையில் நின்றுகொண்டு கொட்டாவி விட்டாள். அவள் கார் சீட்டுக்கு உறை தைப்பவள். இருபது வருஷமாக ஜனங்கள் உட்கார்ந்து எழுந்த இடங்களைப் பிரித்துப் பார்த்தே பிழைப்பவள். அவள் புருஷன் மொங்கோன் முன்வரிசையில் கைகூப்பி நின்றான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையும் மாலையும் பதினாறு பிள்ளைகள். பழைய வேனுக்கு வயதாகிவிட்டது, வேறு வாங்க வேண்டும். தப்பில்லை. புதன்கிழமை பிறந்தவனுக்கு வெள்ளை ஆகாதென்று எவனோ சொன்னதும், வெள்ளை வேனின் முதுகில் 'இந்த வண்டி பச்சை நிறம்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிகிற ஆசாமி அவன். அதுதான் தப்பு.

ஆசான் ஒரு வெள்ளி நிற வேனுக்குள் தலையை விட்டார். ஸ்டியரிங்கைக் குனிந்து கும்பிட்டார். கண்ணை மூடினார். உடம்பு உதறியது.

"டீச்சர்... டீச்சரம்மா... அஞ்சு வருஷம்... முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்..."

"மீட்டர்லயும் அதேதான் இருக்கு!" என்று முதலாளி கம்ரோன் கூவினான். கூட்டம் 'அப்படியே ஆகட்டும்' என்ற பொருளில் "சாத்து, சாத்து!" என்று கும்பிட்டது. மொங்கோனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிகுன் மெதுவாக முன்னால் வந்தாள். பின்சீட்டு பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். அரை முழம் வந்திருக்கும்.

"ஐயையோ, கைய எடுங்கக்கா!" கம்ரோன் பாய்ந்து வந்தான். "பலகையப் படிக்கலியா?"

பலகை பெரிதாகத்தான் இருந்தது. அம்மன் வாழும் இடம். சீட்டைத் தூக்காதீர். தரைவிரிப்பைப் புரட்டாதீர். பெல்ட்டை இழுக்காதீர்.

"பெல்ட்ட இழுத்தா என்னவாம்?"

"அது அம்மனோட இடுப்புச் சேலைக்கா. உங்க சேலைய ஒருத்தன் இழுத்தா சும்மா இருப்பீங்களா?"

"நான் கட்டின சேலையில இவ்ளோ சேறு இருக்காதே தம்பி."

"அது... சந்தனம்க்கா."

அவள் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டாள். கொடுத்தான். பத்து முத்திரை, அஞ்சு வருஷம், ஒரே பேனா, ஒரே கையெழுத்து. ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது. ஏப்ரல் பதிமூன்று, தாய்லாந்தின் புத்தாண்டு. நாடே தெருவில் நின்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் நாள்.

"அன்னிக்கு எந்த ஷெட்டு திறந்திருந்துச்சு தம்பி? பதிவுப் புத்தகத்தக் காட்டு. பழைய சொந்தக்காரங்க பேரு அதுலதான இருக்கும்?"

"புத்தகம் லாக்கர்ல இருக்கு. கையெழுத்து போடுற அன்னிக்குத் தருவோம். பழைய ஓனர் பேர எல்லாம் கேக்குறது அம்மனோட முதல் புருஷனப் பத்தி விசாரிக்கிற மாதிரிக்கா. கோவம் வந்துரும்."

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் சண்டை.

"ஏய்யா, அது வெள்ளத்துல முங்கின வண்டி. பெல்ட்டுக்குள்ள சேறு கோடு போட்டிருக்கு. புத்தகம் ஒரே நாள்ல உக்காந்து எழுதினது. புத்தாண்டு அன்னிக்கு ஆயில் மாத்தினானாம்!"

"மனுஷன் தப்பா எழுதிருப்பான். அம்மன் பொய் சொல்லுவாளா?"

"அம்மன் சொல்லல. அந்தாளு சொல்றான்."

"ஒனக்கு எதுல நம்பிக்க இருக்கு பிகுன்? அடுத்த சனிக்கிழமை பதினொண்ணு ஒம்பதுக்கு கையெழுத்து. ஆசான் நேரம் குறிச்சிட்டாரு. அவ்ளோதான்."

பிகுனுக்குக் கோபம் இருந்தது. அதை விடப் பெரிதாக பயம் இருந்தது. சேற்றுத் தண்ணீரில் முங்கி எழுந்த வண்டியின் பிரேக் குழாய் உள்ளுக்குள் எப்படி அரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் போகிற வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. அதுவும் அவளுக்குத் தெரியும். புருஷனிடம் பேசிப் பயனில்லை என்பதும் தெரிந்துவிட்டது. அம்மனிடமே கேட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டு மொங்கோன் வந்ததும், "சீட்டு உறை கிழிஞ்சிருக்கு, புதுசு மாட்டி ஞாயித்துக்கிழம தர்றேன்" என்று பழைய வேனை வாங்கிக்கொண்டாள். உறை மாட்டினாள். மஞ்சள் நிறப் பள்ளிப் பலகையைக் கூரையிலிருந்து கழற்றினாள். முதுகில் இருந்த 'பச்சை நிறம்' ஸ்டிக்கரைச் சுரண்டினாள். சோப்பு போட்டுக் குளிப்பாட்டினாள். கோராட்டில் வெள்ளை வேன்கள் எல்லாம் ஒரே முட்டையில் பொரித்த குஞ்சுகள். அடையாளம் போனால் எது எவனுடையது என்று பெற்றவனுக்கே தெரியாது. பிறகு பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் மீட்டர் ரிப்பேர் செய்பவனிடம் ஓட்டிப் போனாள்.

அவன் மடிக்கணினியை ஒரு வயரால் வண்டியோடு கோத்தான். மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் என்று பார்த்ததும் உச்சுக்கொட்டினான்.

"கெழவிக்கா இது. எத்தன வயசாக்கணும்?"

"நாப்பத்தோராயிரம்."

"விக்கிறதுக்கா?"

"அட, ஒருத்தரு முன்னாடி நிறுத்திப் பாக்கணும், அவ்ளோதான். திரும்ப திங்கக்கிழம பழைய நம்பரே வச்சுத் தந்துரு."

இப்படிக் கேட்ட ஆளை அவன் அன்றுதான் பார்க்கிறான். இருந்தாலும் காசு காசுதான். சோற்றுப் பானை கொதிக்கிற நேரத்தில் வண்டிக்கு மூன்றரை லட்சம் கிலோமீட்டர் இளமை திரும்பியது. அவள் கிளம்பும்போது பெருமையாகச் சொன்னான். "கம்ரோன் முதலாளி வண்டிங்க எல்லாம் நம்ம கைதான்க்கா. ஒண்ணாச்சும் தப்பா போயிருக்கா கேளுங்க!"

மறுநாள் கூடாரத்தில் கூட்டம் போன வாரத்தை விட அதிகம். மொங்கோன் குளித்து, புதுச் சட்டை போட்டு, பதினொன்று ஒன்பதுக்காகக் காத்திருந்தான். பத்து மணிக்கு ஒரு வெள்ளை வேன் உள்ளே வந்தது. எண்பலகை மேல் மூவர்ணப் பட்டுத் துணியும் சாமந்தி மாலையும் அடுக்கடுக்காகத் தொங்கின. ஓட்டி வந்தவன் பிகுனுடைய சித்தி மகன் சாய். மொங்கோனுக்கு அடையாளம் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டிருந்தான்.

"ஆசானே, இத வாங்கலாம்னு இருக்கேன். அம்மன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று பணத்தைத் தட்டில் வைத்தான்.

ஆசான் தலையை உள்ளே விட்டார். ஸ்டியரிங்கைக் குனிந்து கும்பிட்டார். அந்தக் குனிவில் அவர் கண் எங்கே போகிறது என்று பிகுன் இந்த முறை பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நேரே மீட்டருக்குப் போனது. அப்புறம்தான் கண் மூடியது, உடம்பு உதறியது.

"டீச்சர்... டீச்சரம்மா... நாப்பத்தோராயிரம்..."

"சாத்து!" என்றது கூட்டம்.

"அமைதியானவங்க... குழந்த குட்டி கெடையாது... சின்னப் பசங்க வாடையே படாத வண்டி... ஒரு துளி எச்சில் பட்டதில்ல... அம்மன் சுத்தமா, குளிர்ந்து உக்காந்திருக்கா..."

பதினோரு வருஷமாகப் பதினாறு பதினாறு பிள்ளைகள் உள்ளே வாந்தி எடுத்த வண்டி அது. பிகுன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மொங்கோன் உருகிப் போய், "இதுவும் டீச்சர் வண்டி பாரு!" என்று அவள் தோளை இடித்தான்.

"கதவத் திறங்க. அம்மனுக்குப் பூ போடணும்" என்றார் ஆசான்.

சாய் பக்கவாட்டுக் கதவை இழுத்தான். வரவில்லை. கம்ரோன் இழுத்தான். வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். மொங்கோனுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க, தள்ளுங்க" என்று போய், கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி, கதவின் கீழ்மூலையில் இடது காலால் ஓர் உதை விட்டான். கதவு சரேலென்று திறந்தது.

கூட்டம் சிரித்தது. மொங்கோன் சிரிக்கவில்லை. கைப்பிடியில் வைத்த கையை எடுக்காமல், உதைத்த தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். தினமும் பத்துத் தடவை, பதினோரு வருஷம் உதைத்த கால்.

"பிகுன்," என்றான் மெதுவாக. "இது... நம்ம வண்டி."

அவள் பட்டுத் துணியையும் மாலையையும் விலக்கினாள். எண்பலகை தெரிந்தது. பையிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, பப்பாளிச் சாலட் விற்பவளிடம் நீட்டினாள்.

"சத்தமா படி. சொந்தக்காரர் யாரு?"

"மொங்கோன்... அட, இந்தாளா டீச்சரம்மா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் மூணு லட்சத்து எண்பத்தாறாயிரம் ஓடின வண்டி" என்றாள் பிகுன். "பஸ் ஸ்டாண்டு பின்சந்துல நாப்பத்தோராயிரம் ஆச்சு. அந்தச் சந்துல நடந்தது அம்மனுக்குத் தெரியல. மீட்டர்ல தெரிஞ்சது மட்டும் தெரிஞ்சுது. ஆசானே, நீங்க அம்மன்கிட்ட கேட்டீங்களா, மீட்டர்கிட்ட கேட்டீங்களா?"

ஆசான் கண்ணைத் திறந்தார். இந்த முறை உடம்பு தானாகவே உதறியது. "வண்டி... வண்டி பொய் சொல்லிருச்சு!"

"வண்டி பொய் சொல்லும்னா, அதுகிட்ட கேட்டுச் சொல்ல நீ எதுக்குய்யா?" என்றாள் சாலட் விற்பவள், உலக்கையைக் கீழே வைக்காமலே.

பிகுன் நேரே அந்த வெள்ளி நிற வேனுக்குப் போனாள். பலகைக்கு முன்னாலேயே நின்று பெல்ட்டை இழுத்தாள். கடைசி வரை இழுத்தாள். பாதிக்கு மேல் காய்ந்த சேறு பொருபொருவென்று உதிர்ந்தது. தரைவிரிப்பைப் புரட்டினாள். ஆற்றங்கரை நாற்றம் அடித்தது. சீட்டுக்கு அடியில் திருகாணிகள் சிவந்து கிடந்தன. கூட்டம் நெருக்கிய நெருக்கலில் கம்ரோன் லாக்கரைத் திறந்து பதிவுப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் சொந்தக்காரர், தெற்கே போன வருஷம் வெள்ளம் புகுந்த ஊரில் ஓர் இறால் தீனிக் கம்பெனி. இரண்டாவது, ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாவது கம்ரோன். டீச்சர் யாருமில்லை.

"இன்சூரன்ஸ்காரன் பேர்ல ஒரு வண்டி எப்ப வரும் தெரியுமா?" என்று பிகுன் புருஷனைக் கேட்டாள். "இது இனிமே தேறாதுன்னு காசு குடுத்துட்டு அவன் வாங்கிக்கிட்டா வரும்."

மொங்கோன் தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்து போனான். பிரேக் குழாயை விரலால் தேய்த்தான். துரு செதில் செதிலாக அவன் புதுச் சட்டையில் விழுந்தது. வெளியே வந்தவன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே அழுதான். "ரயில்வே கேட்டுல பிரேக் பிடிக்கலன்னா... பதினாறு புள்ளைங்க பிகுன்... நானே கூட்டிட்டுப் போயி..." என்றான். பிகுன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவினாள். ஏசுவதற்கு ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அப்படியே விழுங்கிவிட்டாள்.

இதற்குள் கூடாரம் ரெண்டுபட்டது. ஆளுக்கொரு வண்டிக்குள் புகுந்து பெல்ட்டை இழுத்தார்கள். ஆசான் விசுத், தாயத்துகள் குலுங்க, தன் காருக்கு ஓடினார். பளபளவென்ற கார். போன மாதம் ஷோரூமிலிருந்து நேரே இறக்கியது, கம்பெனி உத்தரவாதத்தோடு. ஊருக்கெல்லாம் டீச்சர் ஓட்டிய வண்டி, அவருக்கு மட்டும் யாரும் ஓட்டாத வண்டி. போலீஸ் வரும்வரை அவரால் கிளம்ப முடியவில்லை. சாலட் விற்பவள் தன் உரலைக் கொண்டுபோய் அந்தக் காருக்கு முன்னால் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறு சனிக்கிழமை காலை பிகுன் கதவைத் திறந்தாள். வாசலில் எட்டு கார்கள் வரிசையாக நின்றன. முன்னால் நின்றவன் கையில் தாமரை மொட்டு, ஊதுவத்தி, ஒரு தட்டில் சரியாகத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பாட்.

"அக்கா, இந்த வண்டிய வாங்கப் போறேன். ஒங்க கையால ஒரு தடவ பெல்ட்ட இழுத்துக் குடுங்க. ஒங்க கை ராசியான கைன்னு ஊரே சொல்லுது."

பிகுன் தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பின்னால் கைகூப்பி நின்ற ஏழு பேரையும் பார்த்தாள்.

"ஒனக்குக் கை இருக்கா?"

"இருக்குக்கா."

"கண்ணு?"

"இருக்கு."

"அப்புறம் எதுக்குடா என்னத் தேடி வந்த? கும்பிடுறத நிறுத்திட்டு நீயே இழுத்துப் பாரு!"