ஜனவாசத்துக்கு ஒரு கார்

காலையில் காப்பி டம்ளரோடு ஜன்னலுக்கு வந்த சேஷன் கீழே எட்டிப் பார்த்தார். கார் மறுபடியும் உட்கார்ந்திருந்தது.

நேற்று சாயங்காலம் நிறுத்தியபோது கம்பீரமாகத்தான் நின்றது. இப்போது டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில், வயிறு தரையைத் தொட, எருமை மாதிரி படுத்திருந்தது.

"வத்சலா, காத்து போயிடுத்து."

"டயர்லயா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"டயர்ல இல்லை. ஸ்பிரிங் இருக்கிற இடத்துல இதுக்குக் காத்துப் பை. சக்கரத்துக்கு ஒண்ணு. என்ஜின் ஓடினா பையில காத்து ஏறும், கார் எழுந்துக்கும். ஜெர்மன்காரன் மூளையே மூளை."

"அம்பாசிடர்லாம் காத்து இல்லாமலே நிக்கறதே."

சேஷன் காப்பியை உறிஞ்சினார். மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக இருப்பவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று விதியில்லை.

ஏதோ ஒரு தூதரகத்திலிருந்து வெளியே வந்து கைமாறிய கார் அது. மேல்துணியை மடக்கினால் திறந்த கார். ஸ்டியரிங் இடது பக்கம். கரோல் பாக் தரகர் ஒருவர் தலையில் கட்டினார். இதற்கு முன் யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டதற்கு, "படே ஆத்மி, சாப்" என்று மட்டும் சொன்னார். பெரிய மனிதர் ஏறிய கார் என்ற பூரிப்பில் சேஷன் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

வாங்கிய நாளிலிருந்து வத்சலா கரித்துக்கொட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாயடைத்துப் போயிற்று. சரோஜினி நகர் மார்க்கெட்டில் இந்தக் காரைப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டு, வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். ராமமூர்த்தி, வைதேஹி. பிள்ளை ரயில்வேயில் என்ஜினியர்.

"உங்காத்துல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கா?" என்று கேட்டார் ராமமூர்த்தி, காப்பி வருவதற்கு முன்பே.

இருந்தாள். பெண் இந்திராணிக்கு மூன்று வருஷமாக ஒரு ஜாதகமும் பொருந்தாமல், வத்சலா போகாத கோயில் இல்லை. இந்த ஜாதகம் பொருந்திவிட்டது. பிள்ளைக்குப் பெண்ணையும், பெண்ணுக்குப் பிள்ளையையும் பிடித்துவிட்டது.

"பார்த்தியா? கார் கொண்டுவந்த வரன்" என்று சேஷன் மார்தட்டினார். அந்த வேகத்தில், "ஜனவாசம் இந்தக் கார்லதான்" என்று சம்பந்திகளிடமும் சொல்லிவிட்டார்.

"எதுக்கு மாமா சிரமம்? ஒரு டாக்சி போதுமே" என்றார் வைதேஹி.

"டாக்சியா? உங்க பிள்ளைக்கா?"

ராமமூர்த்திக்கு அப்போது புரையேறியது. அவர்கள் போனபிறகு சேஷன் மனைவிக்கு விளக்கினார். "டாக்சி போதும்னா டாக்சி கூடாதுன்னு அர்த்தம். சம்பந்தி பாஷை உனக்குப் புரியாது."

ஆக, மாப்பிள்ளை ஊர்வலமாக வரும் கார் நடுவழியில் உட்கார்ந்தால் கல்யாணமும் உட்கார்ந்துவிடும்.

வெளிநாட்டுக் கார் தெரிந்த மெக்கானிக்குகள் காஷ்மீரி கேட்டில் இருக்கிறார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். ஆனால், வியாதியைத் தாய்பாஷையில்தான் சொல்ல வேண்டும் என்பது சேஷன் கட்சி. ஜங்புரா மதராசி கேம்ப்பிலிருந்து தர்மனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சார், நான் ஸ்கூட்டர் மெக்கானிக்" என்றான் தர்மன்.

"தமிழ் தெரியுமோன்னோ, அது போதும்."

தர்மன் சோப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு அடியில் புகுந்தான். பின்பக்கம் இடது பையில் குமிழி வந்தது. சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி ஒட்டினான். மறுநாள் காலையில் இடது பக்கம் கம்பீரமாக நின்றது. வலது பக்கம் இறங்கி, கார் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

வலது பக்கமும் ஒட்டினான். மறுநாள் பின்பக்கம் நின்றது, முன்பக்கம் தரையைத் தொட்டது.

"அப்பா, இப்ப நமஸ்தே பண்றது" என்றாள் இந்திராணி.

"முன்னாடியும் ஒட்டிடு" என்றார் சேஷன்.

"ஒட்டறேன் சார். ஆனா உசரத்தைப் பார்த்துக்கிற கம்பி ஒண்ணு இருக்குது. அதைக் கொஞ்சம் முடுக்கிவிட்டா இன்னும் நல்லா நிக்கும்."

முடுக்கினான். என்ஜினைப் போட்டதும் கார் எழுந்தது. எழுந்துகொண்டே போனது. இறக்க என்ன செய்தும் இறங்கவில்லை. ஏறுவதற்கு வத்சலாவுக்கு முக்காலி வேண்டியிருந்தது.

அந்த வேளை பார்த்துப் பத்திரிகை மஞ்சள் தடவ வந்துசேர்ந்தார்கள் சம்பந்திகள். ராமமூர்த்தி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவு உசரத்துக்கு இது வந்து நான் பார்த்ததே இல்லை" என்றார்.

கண்டிப்பாகக் குத்தல்தான் என்று சேஷனுக்குத் தோன்றியது.

"மாமா, நிஜமாத்தான் சொல்றேன், டாக்சியே போதும்" என்று வைதேஹி கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"கேட்டியா? ரெண்டாந்தரம் டாக்சின்னுட்டா" என்றார் சேஷன், அவர்கள் போனதும். "இனிமே உயிரே போனாலும் இந்தக் கார்தான்."

இறுகிப்போயிருந்த கம்பியைத் தட்டித் தட்டி ஒருவழியாகத் தளர்த்தினார்கள். ஒட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் பிய்த்துக்கொண்டன. கார் பழையபடி படுத்தது.

தர்மன் தலையைச் சொறிந்தான். "சார், காத்து போனா போவட்டும். பைக்குப் பக்கத்துல கட்டையைச் சொருகிட்டா வண்டி எங்க இறங்கும்?"

"என்ன கட்டை?"

"தேக்கா இருந்தா தேவலை."

சேஷனின் பார்வை வீட்டுக்குள் போயிற்று.

"அது எங்கப்பா சீரா குடுத்த கட்டில்" என்றாள் வத்சலா.

"உன் பொண்ணு கல்யாணம் பெரிசா, கட்டில் கால் பெரிசா?"

அன்று முதல் கார் நின்றது, கட்டில் உட்கார்ந்தது. குண்டும் குழியுமான இடத்தில் ஓட்டினால் பல் ஆடியது. ஆனாலும் நின்றது.

ஜனவாசம் வந்தது. தை மாதக் குளிர். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், நாதஸ்வரம், பட்டுப் புடவைமேல் ஸ்வெட்டர் போட்ட மாமிகள். பிள்ளையார் கோயிலிலிருந்து கார் புறப்பட்டது. சேஷனே ஓட்டினார். பின்ஸீட்டில் சூட்டும் மாலையுமாக மாப்பிள்ளை, அவரைச் சுற்றி ஏறின மட்டும் குழந்தைகள்.

மார்க்கெட் திருப்பத்தில் ஒரு பள்ளம். 'டக்'கென்று ஒரு கட்டை தெறித்தது. கல்யாணக் கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் அது உருண்டு போவதை வத்சலா பார்த்தாள். அவள் அப்பா கொடுத்த சீர். அடுத்தடுத்து மற்ற மூன்றும் தெறித்தன. 'புஸ்'ஸென்று சத்தம் எழுந்தது.

சத்தம் அடங்குவதற்குள் மாப்பிள்ளை குழந்தைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, தானும் இறங்கி, கோட்டைத் தட்டிக்கொண்டார்.

"மாமா, உங்க பக்கத்துக் கதவை இப்பவே திறந்துடுங்கோ. முழுசா உட்கார்ந்துட்டா பிளாட்பாரத்துல இடிக்கும்."

அந்த நிலைமையிலும் சேஷனுக்கு மாப்பிள்ளையின் சமயோசிதம் பிடித்திருந்தது. ரயில்வே என்ஜினியர் அல்லவா?

கார் முழுசாக உட்கார்ந்தது. நாதஸ்வரம் நின்றது. துணிக்கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தூரத்தில் ராமமூர்த்தி இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் குலுங்கின.

போச்சு. மூன்று வருஷம் கழித்து வந்த வரன். தன் ஜம்பத்தால் பெண்ணின் வாழ்க்கையே போச்சு. சேஷன் ஓடிப்போய்க் கைகூப்பினார். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"மன்னிச்சுக்கணும். டாக்சி போதும்னு நீங்க தலைபாடா அடிச்சுண்டேள். நான் கேக்கலை. இந்தக் காரைப் பார்த்துத்தானே எங்காத்துப் படி ஏறினேள்? அதுவே உங்க மானத்தை வாங்கிடுத்து. என் பொண்ணை மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதேங்கோ."

ராமமூர்த்தி திரும்பினார். அவர் கண்ணிலும் தண்ணீர்தான். ஆனால் சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். பேச முடியாமல் மனைவியைக் கைகாட்டினார்.

வைதேஹி கிட்டே வந்து, சேஷன் காதில் மட்டும் விழும்படி சொன்னார்:

"அழாதேங்கோ மாமா. இதை வெச்சுண்டு நாங்க திண்டாடினது கொஞ்சநஞ்சமில்லை. தரகர் தலையில நாங்க இதைக் கட்டின அன்னிக்கே இவர் சொன்னார், 'இதைப் போய் ஒருத்தன் வாங்கினான்னா, அவன் சூதுவாது தெரியாத மனுஷனாத்தான் இருப்பான். அவனுக்கு ஒரு பொண்ணு இருந்தா, கண்ணை மூடிண்டு நம்ம பிள்ளைக்குப் பண்ணிக்கலாம்'னு."