நாக்கைக் கட்டிய சாமியார்

திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் பன்னிரண்டு நாளாகத் திருவிழாக் கூட்டம். கொருக்குப்பேட்டையிலிருந்துகூட ஆட்டோ பிடித்து வருகிறார்கள். கண்டெய்னர் லாரிகள் நகர வழியில்லை. இத்தனை பேரும் எதற்கு வருகிறார்கள்? வாய் கொப்பளிக்க!

சிரிக்காதீர்கள். வாக்குச் சுத்தி சுவாமிகள் என்று ஒரு மகான் அவதரித்திருக்கிறார். மற்ற சாமியார்கள் பேயை ஓட்டுவார்கள், புதையலைக் காட்டுவார்கள். இவர் ஓட்டுகிற பேய் வேறு. 'கண்டிக்கிறோம்', 'வெட்கம் வெட்கம்', 'ஒழிக' ஆகிய சொற்கள்தான் அந்தப் பேய்கள். வாயை விட்டுப் போன கண்டனம் கடலில் கரையாதாம். சொன்னவர் வீட்டுக்கே திரும்பி வந்து, அங்கே இருப்பதிலேயே சின்ன ஜீவனின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். வெறுமனே கண்டித்தால் சளி. வன்மையாகக் கண்டித்தால் காய்ச்சல். 'ஒழிக' என்றால் மூச்சிரைப்பு.

அப்படியானால் மேடைக்கு மேடை வன்மையாகக் கண்டிக்கும் தலைவர்களுக்கு ஏன் ஒரு தும்மல்கூட வருவதில்லை? ஒருவராவது கேட்டாரா? கேட்கவில்லை. வரிசையில் இடம் போய்விடுமே!

குப்பத்துக்குப் பின்னால் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலைக்குள் பழுப்பாகிவிடும். கண்டனத்திலும் அந்தஸ்து உண்டல்லவா? அந்தப் புகையைப் பற்றிக் கட்சிக்காரர்கள் 'வன்மையாக' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அதிகாரிகள் 'வருத்தம்' தெரிவித்தார்கள். குப்பத்துக்காரர்களுக்கு அவ்வளவு நாசூக்குப் போதாது. போன மாதம் தொழிற்சாலை வாசலில் நின்று தொண்டை கிழிய 'ஒழிக' போட்டார்கள். மீன் விற்கிற பிலோமி முன்வரிசையில் நின்று மண்ணை வாரித் தூற்றி, 'தூ' என்று காறித் துப்பினாள். அவள் மகள் மகிமாவுக்கு ஆறு வயது. குழந்தைக்கு ஓயாத இழுப்பு.

அந்தத் தொழிற்சாலைதான் இன்னொரு புகைபோக்கி வைக்கப் போகிறது. ஊரார் கருத்தைக் கேட்க நாளைக் காலை கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் உட்காரப் போகிறார்கள். எதிர்த்துப் பேசினால் பதிவாகும். பேசாவிட்டால் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒருவரும் பேசப் போவதில்லை. அதுதான் சுவாமிகள் செய்த அற்புதம்.

அற்புதம் நடக்கும் விதம் இதுதான். வெள்ளைக் கிண்ணத்தில் மஞ்சள் தீர்த்தம் இருக்கும். தடித்த சீடன் கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துத் தருவான். அதைக் கொப்பளித்துக் கிண்ணத்தில் துப்ப வேண்டும். நாக்கு சுரீரென்று எரியும். "பாவம் எரிகிறது!" என்பார் சுவாமிகள். தீர்த்தம் ரத்தச் சிவப்பாகும். "உன் சொல் குடித்த ரத்தம் பார்!" என்பார். பிறகு கையில் கறுப்புக் கயிறு, நாற்பத்தெட்டு நாள் மௌன விரதம். கட்டணம்? ஒரு பைசா கிடையாது! அங்கேதான் ஜனங்கள் தடாலென்று விழுந்தார்கள்.

பிலோமியும் விழுந்தாள். கழுத்தில் சிலுவை, கையில் கறுப்புக் கயிறு. பயத்துக்கு மதம் ஏது?

தெருமுனையில் வெற்றிலைக்கடை வைத்திருக்கும் செங்கொடி அவளை மடக்கினாள்.

"இன்னா பிலோமி, நாளைக்கு மண்டபத்துக்கு வர்றியா?"

பிலோமி கயிற்றைக் காட்டி, மாட்டேன் என்று தலையாட்டினாள். பிறகு தாங்க முடியாமல், "வாணாங்கா, பேசக் கூடாது. நா சொன்ன ஒழிகதான் எம்பொண்ணு நெஞ்சுல குந்திகினு கீதாம்" என்று அழுதாள்.

"அப்போ அந்தப் பொகை இன்னாமே பண்ணுது?"

"பொகை எல்லா வூட்டுக்கும்தானே வருது?"

"இழுப்பும் எல்லா வூட்லயும்தானே கீது!"

அந்த நேரம் பார்த்துச் சீடன் கடைக்கு வந்து, வழக்கம்போல நாலு டப்பா சுண்ணாம்பு வாங்கிப் போனான். பன்னிரண்டு நாளாக வாங்குகிறான். ஒரு நாளும் வெற்றிலை வாங்கியதில்லை.

"வெத்தல போடாத சாமிக்கு இம்மாஞ் சுண்ணாம்பு எதுக்கு?" என்றாள் செங்கொடி. கடையை மூடிவிட்டு, ஐஸ் பெட்டி தூக்குகிற சுயம்புவைத் தேடிப் போனாள்.

சாயங்காலம் சுயம்பு வரிசையில் நின்றார். கொப்பளித்தார், துப்பினார். தீர்த்தம் சிவந்தது.

"அடப் பாவி!" சுவாமிகள் எழுந்தே விட்டார். "இந்த நாக்கு நூறு முறை 'ஒழிக' என்றிருக்கிறது! அந்தக் குரல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செங்கொடி முன்னால் வந்தாள்.

"சாமி, அவுரு பொறந்ததுலேர்ந்து ஒரு வார்த்த பேசினதில்ல. வாய் பேச வராது. எந்தக் கொரல் சாமி கேட்டுச்சு?"

சுவாமிகள் ஒரு நொடி விழித்தார். "முற்பிறவிக் குரல்!"

என்ன சொல்ல! பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சர்தான். நானும் கம்பெனி வாசல்ல கத்தினவதான், கயிறு கட்டிக்கல. போன மாசம் கத்தினது பத்தலன்னா இப்ப கேட்டுக்கோ. ஒழிக! ஒழிக! ஒழிக!" என்று அவர் முகத்துக்கு நேராகக் கத்தினாள் செங்கொடி. வீட்டிலிருந்து கொண்டுவந்த குழாய்த் தண்ணீரில் கொப்பளித்து, புதிய தீர்த்தக் கிண்ணத்தில் துப்பினாள்.

தீர்த்தம் மஞ்சளாகவே இருந்தது. இடுப்பிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டாள். குப்பென்று சிவந்தது.

"ஏம்மே, கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆரத்திக்கு ஆலம் கரைக்கிறீங்களே! மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா இன்னா கலருன்னு ஒருத்திக்குக்கூடவா தெரியாது? அந்தக் கேன் தண்ணியில தெளிஞ்ச சுண்ணாம்பு கீது. அதான் நாக்கு எரியுது. சாமி, நீ ஒரு வாய் கொப்ளி, பாக்கலாம்!"

சுவாமிகள் கொப்பளிக்கவில்லை. சீடன் அவருக்கு முன்பே கூட்டத்தில் நழுவிவிட்டான். செங்கொடி கேனைத் தட்டிக் காட்டினாள். தொழிற்சாலைப் பெயரும், 'கேன்டீன் உபயோகத்துக்கு மட்டும்' என்பதும் கொட்டை எழுத்தில் இருந்தன. பன்னிரண்டு நாளாக எல்லோர் கண்ணெதிரிலும் இருந்த கேன்தான். எல்லோரும் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள்தான்.

"அடப்பாவி, எம்பொண்ணு மூச்ச வச்சா வெளாடுன?" பிலோமி மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்துச் சுவாமிகளின் முகத்தில் எறிந்தாள். பேசாதே என்ற மகான் பேசாமலே ஓடினார்.

மறுநாள் மண்டபத்தில் அதிகாரி, "யாருக்காவது ஆட்சேபணை...?" என்று இழுத்தார். பிலோமி மகிமாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மைக் முன் நின்றாள். குழந்தையின் நெஞ்சருகே அதைப் பிடித்தாள். கீச், கீச் என்று அந்த இழுப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மொதல்ல இத்த எழுதிக்கோ சார். அப்பால நா பேசுறேன்."

பேசினாள். அவளுக்குப் பின்னால் நூற்றுப் பன்னிரண்டு பேர் பேசினார்கள். சுயம்பு மடியிலிருந்து கடற்கரை மண்ணை எடுத்து மேடைமேல் தூற்றினார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள் செங்கொடி.

காசு வாங்காத மகான் யாராவது உங்கள் தெருவுக்கும் வருவார். காலில் விழுங்கள், தாராளமாக விழுங்கள். விழுந்தது விழுந்தீர்கள், பக்கத்தில் இருக்கிற தண்ணீர்க் கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிட்டு எழுந்திருங்கள்.