துப்பாக்கிக்கு ஒரு தூளி

மேலதிகாரி ஒருவர் நம் எதிரில் உட்கார்ந்து, "எங்கே தேடியும் கிடைக்கவில்லை" என்று பெருமூச்சு விட்டால், அமெரிக்காவில் அது வெறும் பெருமூச்சு. கேட்டவர் "அடடா" என்று சொல்லிவிட்டு சாண்ட்விச்சைத் தொடரலாம். நம் ஊரில் அது ஆணை. நான் கலிஃபோர்னியாவுக்கு வந்து பல வருடங்கள் ஆகியும், பெருமூச்சுகளுக்கு மட்டும் சென்னை அர்த்தத்தையே வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மில்பிடாஸில் ஓர் இயந்திரக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தேன். பெருமூச்சு விட்டவர் என் மேனேஜர் டேல். அவருடைய அப்பா அந்தக் கோடையில் காலமாகிவிட்டார். மகனுக்கு அவர் விட்டுப்போனது ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கி. அதைத் தோளில் மாட்டிக்கொள்ளும் தோல் வார் வெடித்துப் போயிருந்தது. வாரைக் குழலோடு பிணைக்கும் முன்பக்க வளையத்தைக் காணோம். அடிப்பக்கத்தில் ஒரு திருகாணியும் இல்லை. தயாரித்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. மான் வேட்டைப் பருவத்தில் தம்பிகளோடு மலைக்குப் போகும்போது அப்பாவின் துப்பாக்கியையே தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று டேலுக்கு ஆசை.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

டேல் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லையே. ஆனால் எனக்கு ஓர் இறுமாப்பு இருந்தது. முந்தைய வருடம்தான் எங்கள் பரிசோதனைக் கூடத்தின் ஒரு கிழட்டுக் கருவிக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியாத குமிழ் ஒன்றைக் கண்டுபிடித்து வந்து பொருத்தியிருந்தேன். அதிலிருந்து, இந்த உலகத்தில் கிடைக்காத பாகம் என்று ஒன்று கிடையாது, தேடத் தெரியாத ஆள்தான் உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். (வாழ்நாளில் நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. பொருட்காட்சியில் பலூன் சுட்டது கணக்கில் வராது. அதிலும் ஒன்றுகூட வெடிக்கவில்லை.) மறுநாள் மாலை, பூட்டிய நீளப் பெட்டி ஒன்று டேலின் பிக்கப்பிலிருந்து என் காரின் டிக்கிக்கு மாறியது.

என் மனைவி பானு அதைப் பார்த்துவிட்டு இரண்டு நிபந்தனை போட்டாள். பெட்டி அலமாரியின் உச்சியில்தான் இருக்கவேண்டும். துப்பாக்கி என்ற சொல்லை இந்த அபார்ட்மெண்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. பக்கத்துச் சுவர் அட்டை மாதிரி, அந்தப் பக்கம் இருப்பதும் தமிழ்க் குடும்பம்.

"சரி, அதுல என்னதான் காணாம போச்சு?" என்று கேட்டாள்.

தோளில் தொங்கவிடும் வார், அதை மாட்டும் வளையம் என்று விளக்கினேன்.

"தொங்கவிடறதுக்குத் துணி, மாட்டறதுக்குக் கொக்கி. தூளின்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த வருடம் அவள் சிரித்தது மிகவும் குறைவு. அதனால் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் இருப்பது 'சாமான்'. அதற்கு வேண்டியது 'தூளிக் கொக்கி'.

சிரிப்பு குறைந்ததற்குக் காரணம் உண்டு. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. இரண்டு வருடங்களாக ஒரு டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தோம். அந்த வருடம் நம்பிக்கை வந்தது, ஒரு மாதம் இருந்தது, போனது. இதை ஊரில் இருக்கும் அவளுடைய அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கோயிலிலும், ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டு போகும் பாட்லக் சாப்பாட்டிலும் யாராவது தலையைச் சாய்த்து "என்ன பானு, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பார்கள். அவள், "ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, இப்போ வேண்டாம்னு இருக்கோம்" என்பாள். வேண்டாம் என்று இருக்கிறோம் என்பதுதான் அவள் கட்டிவைத்திருந்த ஒரே சுவர். அது இடியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் அவள் கேட்டிருந்தாள். அதைத் தவிர அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் வளையம் தேடினேன். வீட்டில் துப்பாக்கி என்று சொல்லக் கூடாதென்பதால் 'ஸ்லிங்' என்று மட்டும் கேட்டேன்; ஆங்கிலத்தில் கைக்கட்டு, தூளி, பளு தூக்கும் பட்டை எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். டெலிபோன் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களைப் புரட்டி முதலில் கூப்பிட்ட கடையில், எந்தக் கை முறிந்திருக்கிறது என்று விசாரித்தார்கள். அடுத்த கடையில் குழந்தை என்ன எடை என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள், படகைத் தூக்கும் பட்டை எத்தனை டன் தாங்கவேண்டும் என்றார். ஒரு வழியாகத் துப்பாக்கிச் சாமான்கள் விற்கும் தபால் கேட்டலாக் ஒன்று அகப்பட்டது. குழலில் வளையம் உட்காரும் இடத்தின் விட்டத்தை வெர்னியர் வைத்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு சுத்தமாக அளந்தேன். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். வந்த வளையம் அந்த அளவுக்கு அச்சாகச் சரியாக இருந்தது. ஆனால் அதைக் குழலின் முனை வழியாகத்தான் நுழைக்கவேண்டும். முனையில் குறி பார்க்கும் முள் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டி வளையம் வராது. (அந்த முள்ளை அளக்க எனக்குத் தோன்றவில்லை. கண்ணுக்கு நேராக இருப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அளப்பது என் சுபாவம்.)

திருகாணி மட்டும் ஒரு வாரத்தில் கிடைத்தது. வாருக்கும் சொல்லிவைத்தேன். வளையம்தான் ஆட்டம் காட்டியது. கடைசியில் லிவர்மோரில் ஒரு பழைய கடைக்காரர், இரண்டு துண்டாகப் பிரிந்து குழலைச் சுற்றி முடுக்கிக்கொள்ளும் வகை வளையம் ஒன்று தன்னிடம் இருப்பதாக போனில் சொன்னார். வேலைக்கு நடுவில் எனக்கு வந்த சந்தோஷத்தில் உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். பானு எடுக்கவில்லை. ஆன்ஸரிங் மெஷின் எடுத்தது. அதில் நான் பேசியது, எழுத்துக்கு எழுத்து இது:

"பானு, நான்தான். தூளிக் கொக்கி கிடைச்சுடுச்சு. ஞாயித்துக்கெழமை லிவர்மோர் கோயிலுக்குப் போறப்போ வாங்கிக்கலாம். நீ பாட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏறி எதையும் எறக்காதே. கனம் தூக்கக் கூடாது. நான் வந்து பாத்துக்கறேன். இப்போ யார்கிட்டயும் மூச்சு விடாதே, டேல்கிட்ட சமயம் பாத்து நானே சொல்லிக்கறேன்."

அந்த நேரத்தில் பானு சமையலறையில் இரண்டு கையிலும் மாவோடு நின்றுகொண்டிருந்தாள். ஹாலில், இந்தப் பக்கம் வந்ததில் தயிருக்கு உறை வாங்க நுழைந்த, கோயிலில் பழக்கமான கோமதி ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் டப்ளின் என்ற ஊரில் இருக்கும் ஆன்ட்டிக்கு ஒரு செய்தி தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஃப்ரீமாண்ட் வரை தெரிந்துவிடும். மெஷினின் ஒலியை எப்போதும் உச்சத்தில் வைத்திருப்பது நான்தான், ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதே என்று. இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது, செய்தியைக் கேட்டாயா என்றேன். "கேட்டேன்" என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் வளையத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனோம். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் தேடல் திறமை ஊருக்குள் பரவிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் பானுவைப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். யாரோ அவளுடைய தட்டை வாங்கி வரிசையில் நின்றார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள். கோமதி ஆன்ட்டி ஒரு டஜன் கண்ணாடி வளையல் கொண்டுவந்திருந்தார். அவருடைய கணவர் சங்கரன் அங்கிள் என்னைத் தனியாக அழைத்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்தார். பிரித்தேன். முறுக்கிய இரும்பில் செய்த பெரிய கொக்கி.

"ஊர்லேர்ந்து வந்தப்போ எங்க பையனுக்குக் கொண்டாந்தது. இனிமே எங்களுக்கு எதுக்கு? நீ வெளியில வாங்காதே" என்றார்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தரக்கட்டுப்பாட்டுப் புத்தி.

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். ஆனா இது பெரிசு. எங்களுக்கு வேண்டியது ஒரு இன்ச்சுக்கும் கீழே."

அங்கிள் சற்றுக் குழம்பினார். "கொழந்த வளருமேப்பா" என்றார்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அங்கிளின் தோளுக்கு மேலே பானுவின் முகம் தெரிந்தது. கோமதி ஆன்ட்டி அவளுடைய கையைப் பிடித்து வளையலை ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று ஏறியிருந்தது. நான்காவதில் பானு கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, தூளி கொழந்தைக்கு இல்ல" என்றாள். குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "துப்பாக்கிக்கு."

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். நான், ஆதாரம் கேட்பார்களோ என்று, சட்டைப் பையிலிருந்து வளையத்தை எடுத்து உயர்த்திக் காட்டினேன். (காட்டியிருக்க வேண்டாம்.)

சங்கரன் அங்கிள் நல்ல மனிதர். உண்மையான அக்கறையோடு கேட்டார்: "துப்பாக்கிக்கு எதுக்கும்மா தூளி?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோமதி ஆன்ட்டி சிரிக்கவில்லை. பானுவின் கையை விடாமல், "அப்போ ஒண்ணும் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வழக்கமாக இந்த இடத்தில் 'இப்போ வேண்டாம்னு இருக்கோம்' வரும். அன்று வரவில்லை.

"இல்ல ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான். அதை அவள் சொன்ன விதத்தில், ஒன்பது வருடமும் டாக்டரும் எல்லாம் அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆன்ட்டி மூன்று வளையலையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கண்ணாடி வளையலைக் கழற்ற நேரம் ஆகும். அதுவரை எல்லாரும் நின்றோம்.

காரில் மலையைத் தாண்டும்போதுதான், மெஷின் பேசியபோது ஆன்ட்டி ஹாலில் இருந்ததைப் பானு சொன்னாள். பிறகு நான், எனக்கு மட்டும் அமைந்த நுட்பத்தோடு, அன்றைக்கே ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மெஷின் நின்னதும் ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. என் கை முழுக்க மாவு. ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சுங்க. அதான் சொல்லல. அப்புறம் எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

 

அன்று மாலையே வளையத்தைப் பொருத்தினேன். இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது. புது வாரையும் மாட்டி டேலிடம் கொடுத்தேன். அவர் கண் கலங்கி, என்னைப் போல ஒருவரைப் பார்த்ததே இல்லை என்றார். தம்பிகளுக்குள் ஏதோ மனஸ்தாபம் வந்து அந்த வருடம் வேட்டைக்கு யாரும் போகவில்லை. துப்பாக்கியைக் கணப்புக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டார்கள். விருந்துக்கு அழைத்துக் காட்டினார்கள். இரண்டு ஆணியில் படுத்திருந்தது. தோல் வார் இடைஞ்சலாக இருந்ததால் கழற்றி வைத்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு யாரும் எங்களிடம் விசேஷம் உண்டா என்று கேட்கவில்லை. தீபாவளிக்குப் போன் செய்கிறவர்கள்கூட, "என்ன விசே" என்று ஆரம்பித்து, "எப்படி இருக்கீங்க?" என்று முடித்தார்கள். பானு அந்தச் சுவரைக் கட்டியதும் இதற்காகத்தான். இப்படி ஒரு வழியில் வாங்கிக் கொடுத்தேன்.

குழந்தை வரவில்லை. டாக்டரிடம் போவதையும் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டோம். இப்போதும் நான் ஏதாவது ஒரு பொருளுக்கு ஒரு பாகம் தேடி, பழைய மிக்ஸிக்கு வாஷரோ கதவுக்குக் கீலோ, கேட்டலாக்கை விரித்து உட்கார்ந்தால், அவள் சங்கரன் அங்கிளின் குரலில், அதே அக்கறையோடு, "துப்பாக்கிக்கு எதுக்கும்மா தூளி?" என்பாள். குடும்ப ஜோக் என்றால், 'அம்மா மறுபடியும் ஆரம்பிச்சுட்டா' என்று அலுத்துக்கொள்ளப் பிள்ளைகள் இருப்பார்கள். இங்கே அவள் சொல்லவேண்டும், நான் சிரிக்கவேண்டும். இரண்டு பேரும் இதுவரை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.