காதைத் தொட்ட வலது கை

அன்பும் அவநம்பிக்கையும் சரிபாதியாகக் கலந்த மைத்துனர் அவர்களுக்கு, தங்கை கணவன் தன் சொந்த வலது கையால் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

"அந்தக் கை அவ்வளவுதான் மாப்பிள்ளை, இடது கையில கொடி புடிச்சுப் பழகுங்க" என்று போனில் சொன்னீர்களே, இப்போது கேளுங்கள் மச்சான். இருபத்தாறு வருஷ ரயில் கார்டு வேலையில் ஓடுகிற வண்டியிலிருந்து ஒருநாளும் விழாத நான், நிற்கிற வண்டியிலிருந்து இறங்கும்போது படி தவறிப் பிளாட்பாரத் தூணில் தோளோடு மோதினேன். கை தோளுக்கு மேல் வராவிட்டால் இனி ஆபீஸ் நாற்காலிதான் என்று மேலதிகாரி கையை விரித்துவிட்டார், அவருக்கு விரிக்க முடிந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "தோள்மூட்டுப் பந்து நல்லாத்தான் இருக்கு, அது உட்கார்ற கிண்ணம்தான் உடைஞ்சு துண்டு விலகியிருக்கு. விட்டா பந்து நழுவிக்கிட்டே இருக்கும், ஸ்குரூ போட்டுடலாம்" என்றார். "நான் மறுபடி பச்சைக்கொடி காட்டுவேனாம்மா?" என்றேன். "முதல்ல எனக்குக் காட்டுங்க" என்று சம்மதப் படிவத்தை நீட்டினார். இடது கையால் கோழி கிளறியதுபோல் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு ஸ்குரூ. ஆறு வாரம் தூளிக்குழந்தை மாதிரி கை கழுத்தில் தொங்கியது. பிறகு பிசியோதெரபிப் பெண் வந்து, விரல்களைச் சுவரில் எறும்புபோல் ஏற்றச் சொன்னாள். வலிக்குதும்மா என்று அழுதேன். "அழுதுகிட்டே ஏறுங்க சார்" என்றாள். உங்கள் தங்கையோ பக்கத்தில் நின்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே, "நேத்தைவிட ஒரு விரக்கடை கம்மி, ஏமாத்தாதீங்க" என்பாள். மூன்று மாதம் கோடு தோளைத் தாண்டவே இல்லை மச்சான், உள்ளுக்குள் நானும் நம்பிக்கை இழந்துதான் இருந்தேன்.

நேற்று எங்கள் குடியிருப்போர் கூட்டம். கடைசி வரிசையில் உட்கார்ந்து மெல்லக் கையைத் தூக்கிப் பார்த்தேன். தோள், தாடை, காது, அதற்கும் மேலே! கொடிக்கம்பம் மாதிரி நின்றது கை! மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லி நாலு பக்கமும் கும்பிட்டேன். அடுத்த வாரம் மறுபடி ரயில் ஏறுகிறேன்!

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நீடு வாழ்க.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பி.கு.: கூட்டக் குறிப்பு இப்போதுதான் கைக்கு வந்தது. "அடுத்த மூணு வருஷத்துக்கு யார் செயலாளரா வர்றீங்க?" என்று கேட்ட நேரத்தில்தான் நான் கையைத் தூக்கினேனாம். தண்ணீர்த் தொட்டி, பழுதான லிஃப்ட், மூன்றாம் மாடி நாய் எல்லாம் இனி என் தலையில். ஆகவே மேலே எழுதியதை உடனே கிழித்துவிடவும். யார் கேட்டாலும் என் கை இன்னும் இடுப்பைத் தாண்டவில்லை என்றே சொல்லவும்.